கடைசிப் பதினைந்து பக்கம்

"சார், நீங்க இந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்ல!"

பல் டாக்டரம்மா மேடைக்குக் கீழே நின்று போட்ட போட்டில் கூட்டம் கப்சிப்.

மேடையில் மைக் முன்னால் நின்றிருந்தவர் துப்பு சார். வேலையில் அவர் கட்டட இன்ஜினியர். மர்ம நாவல் வாசகர் வட்டம் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் துப்பு சார். மாதம் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அவர் பேச எழுந்தால், நாற்பது பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். கொலைகாரன் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார். அது வட்டத்தின் விதி.

புத்தகத்தையும் தர மாட்டார். "பழைய புத்தகக் கடையில தேடிப் பிடிச்சது. கை மாறினா கிழிஞ்சிடும்" என்று பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். அது அவருடைய சொந்த விதி.

இன்று ஆண்டு விழா. "முக்கியமான விஷயம் இருக்கு, குடும்பத்தோட வாங்க" என்று வட்டத்தின் தலைவியான டாக்டரம்மாவே போன் பண்ணியிருந்தார். சிறந்த விமர்சகர் விருதுதான் என்று துப்பு சார் முடிவே கட்டிவிட்டார். மனைவியையும் அழைத்து வந்து, "பின்னாடியே உட்காரு. இங்க பேசுறது உனக்குப் புரியாது" என்று கடைசி வரிசையைக் காட்டியிருந்தார்.

வந்த இடத்தில் இப்படி.

"என்ன டாக்டர், தமாஷ் பண்றீங்களா?"

"போன மாசம் நீங்க ஒரு நாவலைப் பத்திப் பேசினீங்க. செத்தவரோட கோட்டுல ஒரு பட்டன் மட்டும் வேற மாதிரி தைச்சிருக்கு. நூலைப் பட்டனுக்கு அடியில கழுத்து மாதிரி சுத்தி, முடிச்சைத் துணிக்குள்ள மறைச்சிருக்கு. அந்தப் பட்டனை வெச்சே கொலைகாரனைப் பிடிக்கிறாங்கன்னு சொல்லி நிறுத்திட்டீங்க. எனக்குத் தூக்கமே வரல சார்! ஒரு பழைய புத்தகக் கடை விடாம ஏறி இறங்கி, இதோ, வாங்கிட்டேன்."

டாக்டரம்மா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு வரி விடாமப் படிச்சேன். பட்டனும் இல்ல, கோட்டும் இல்ல. இதுல செத்தவர் குளிக்கும்போது சாகிறார்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது... வேற பதிப்பா இருக்கும்."

"பதிப்பு மாறினா கோட்டு முளைக்குமா சார்?"

துப்பு சாருக்குக் குப்பென்று வியர்த்தது. ஒரு வருஷமாகச் சேர்த்த பெயர். நாற்பது பேர் முன்னால் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவர் பார்வை கடைசி வரிசைக்குப் போனது.

"எல்லாம் இவளால வந்தது!" கையில் மைக் இருப்பதையும் மறந்து கத்தினார். "எனக்கு எங்கங்க படிக்க நேரம்? நான் வாங்கிக் கொடுப்பேன். இவ படிச்சிட்டு, நான் சாப்பிடும்போது கதையைச் சொல்வா. அதை நம்பி வந்து பேசினேன். ஒரு புத்தகத்தை ஒழுங்காப் படிச்சுச் சொல்லக்கூட வக்கில்ல இவளுக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான், எதை ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்கே உறைத்தது.

டாக்டரம்மா அவரை அப்படியே விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார்.

"நீங்க என்னம்மா பண்றீங்க?"

"தையல் வேலைங்க. வீட்டுலயே மெஷின் போட்டிருக்கேன்."

"அதானே பார்த்தேன்! ஊசி பிடிக்காத ஆளுக்கு அந்தப் பட்டன் தோணியிருக்காது. அது நீங்களே கட்டின கதையாம்மா?"

அவள் எழுந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஆமாங்க. தப்புதான். மன்னிச்சிடுங்க. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"தப்பா? இந்தப் புத்தகம் படு மட்டம். பத்தாவது பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடுது. உங்க கதையோட முடிவு தெரியாமத்தான் ஒரு மாசமா நாங்க மண்டையை உடைச்சுக்கறோம். அதைச் சொன்னது இவர் வீட்டுல யாருன்னு கண்டுபிடிக்கத்தான் குடும்பத்தோட வரச் சொன்னேன். முழுசா எழுதிக் கொடுங்கம்மா. நம்ம வட்டமே புத்தகமாப் போடும். உங்க பேர் போட்டு!"

கைதட்டல் கிளம்பியது. "அதுக்கு முன்னாடி அந்தக் கொலைகாரன் யாருன்னு சொல்லிடுங்க தாயே!" என்று ஒருவர் கெஞ்ச, "விதி! விதி!" என்று மற்றவர்கள் அவரை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

துப்பு சார் மேடையை விட்டு இறங்கி வந்திருந்தார்.

"இதுமாதிரி எத்தனை புத்தகம்?"

"மொத ரெண்டு படிச்சுட்டுத்தான் சொன்னேன். மூணாவதுல கடைசிப் பதினஞ்சு பக்கத்தைக் காணோம். யாரோ கிழிச்சிருந்தாங்க. நீங்களோ முடிவு என்ன, முடிவு என்னன்னு பறந்தீங்க. வாய்க்கு வந்ததை ஒண்ணு சொல்லி வெச்சேன். அதுக்கப்புறம் வந்த ஒம்போதும் என்னோடதுதான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" அவர் குரல் நன்றாகவே இறங்கியிருந்தது.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் பயம் இல்லை. தான் செய்தது நல்ல வேலை என்று தெரிந்த பெருமை இருந்தது.

"அன்னிக்கு அந்த முடிவைக் கேட்டுட்டுத் தொடையில தட்டி, 'அடடா, என்னா மூளை இதை எழுதின ஆளுக்கு!'ன்னு சொன்னீங்க. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்துல, நான் பண்ணின ஒண்ணை நீங்க பாராட்டினது அதுதாங்க மொத தடவை. மாசாமாசம் அதைக் கேக்கணும்னுதான் யோசிச்சு யோசிச்சு அத்தனை கதையும் கட்டினேன். கட்டினது நான்தான்னு தெரிஞ்சா, நீங்க பாராட்டியிருக்க மாட்டீங்களே!"