மேட்டுக்குக் கிழக்கே

அக்கா பேனாவை மையில் தோய்த்தாள். வரைபடம் சுருளாமலிருக்க நான் இரண்டு கைகளாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வரைவது அவள், குறிப்பேடு எழுதுவது நான்.

எங்கள் ஆறு வரைபடத்தைப் பார்த்துத்தான் ஓடும். இன்று மையில் கோடு போட்டால் நாளை விடிவதற்குள் அங்கே தண்ணீர். போட்ட கோட்டை அழிக்க முடியாது.

கை தவறினால் அதோடு பேனாவைப் பிடுங்கிவிடுவார்கள். போன வருடம் ஒருவன் தும்மித் தொலைத்தான். சந்தைக்குள் ஏரி வந்துவிட்டது. இப்போது கோப்பறையில் தூசி தட்டுகிறான், இன்னும் தும்முகிறான்.

கை தவறுகிறவனுக்கு எதற்குப் பேனா என்று அன்றைக்கு அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கை மயிரிழை பிசகியதில்லை. அந்தத் தலைக்கனம் அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே.

இன்றைய உத்தரவு: பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓடும் ஆற்றை மேட்டுக்குக் கிழக்கே திருப்ப வேண்டும்.

கிழக்கே ஒரே ஒரு வீடு. அக்காவின் கூடப்பிறந்த தம்பி வீடு.

இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆள் அனுப்பிச் சொல்லியும் அவன் காலி செய்யவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். வரைகிறவள் வரையட்டும், பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்ளேயே இருக்கிறேன் என்று பதில் அனுப்பிவிட்டான். செய்யக்கூடியவன்தான்.

அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் இரண்டு மூட்டைகளையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொண்டுவந்து மேசைக்கடியில் தள்ளினாள். வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாயா என்று நான் கேலி செய்தபோதுகூடச் சிரிக்கவில்லை.

பேனா இறங்கியது. மேட்டை நெருங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கோடு முடிந்திருந்தது. நடுக்கமே இல்லாத, அழகான கோடு.

மேட்டுக்கு மேற்கே போயிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியிலும் ஆபத்தில்லை. மேற்கேயும் ஒரே ஒரு வீடுதான். அக்கா தனியாகக் குடியிருக்கும் வீடு. போன மாதம்கூட அங்கே சாப்பிட்டேன்.

அவள் பேனாவைத் துடைத்தாள். மைப்புட்டியை மூடிவிட்டு, பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“கை தவறிடுச்சுன்னு எழுதிக்கோ.”