பஞ்சுவின் பட்டினி

“ரெண்டு பேரும் மூணு நாளாப் பட்டினி. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா பழி யார் தலையில விழும்?” பூங்காவனம் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

அந்த ரெண்டு பேரில் ஒருத்தி அவள் மகள் கோகிலா. இன்னொன்று, கோகிலா வளர்க்கும் முயல் பஞ்சு.

கோலாலம்பூரில் மிஸ்ஸி வேலைக்கு, அதாவது நர்ஸ் வேலைக்குப் படிக்கக் கோகிலாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். “நம்ம வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியில கண்டவன் புண்ணைத் துடைக்கிறதா?” என்று பெரியப்பா சேதுபதி ஒரே போடாகப் போட்டுவிட்டார். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத அப்பா கருணாகரன், திறந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அன்றைக்கே கோகிலா சோற்றுத் தட்டைத் தள்ளினாள். அன்றைக்கே பஞ்சுவும் கேரட்டைத் தொடவில்லை. “வாயில்லா ஜீவனுக்கு என்ன பாசம் பாருங்க!” அவர்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்க இதே பேச்சு.

மூன்றாம் நாள் காலை, கொல்லையில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கங்கோங் கீரைக் கொழுந்தைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பஞ்சுவின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தார். கோகிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட ஆளில்லை, முயலுக்கு மட்டும் உபசாரமாக்கும்! வெடுக்கென்று பஞ்சுவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மடியில் வைத்ததும்தான் கவனித்தாள். தாடையெல்லாம் எச்சில் ஊறி முடி ஒட்டிக் கிடந்தது. கேரட்டை நீட்டினால் ஆசையாகக் கவ்வியது, கடிக்க முடியாமல் கீழே போட்டது. உதட்டை விலக்கிப் பார்த்தாள். முன்பற்கள் கோணலாக நீண்டு உள்பக்கம் வளைந்திருந்தன. அடப்பாவமே, பாசமாவது மண்ணாவது!

சொல்ல எழுவதற்குள் வாசலில் பெரியப்பாவின் சைக்கிள் மணி.

“என்ன, இன்னும் திமிரு அடங்கலையா?”

“அடங்காது பெரியப்பா. நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்சு, வெள்ளைக்காரன் கொடியை மாத்தியே மூணு வாரமாச்சு. நான் ஒரு பஸ் ஏறக்கூடாதா?”

பெரியப்பா பல்லைக் கடித்தார். அதற்குள் அப்பா கோகிலாவின் கையிலிருந்து பஞ்சுவை வாங்கி அவர் முன்னால் நீட்டினார்.

“அண்ணே, இவ கிடக்கட்டும், கொழுப்பெடுத்த கழுதை. இந்த வாயில்லா ஜீவன் செத்துப்போனா அந்தப் பாவம் நம்ம குடும்பத்தையே சுத்துமேண்ணே!”

வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர் பெரியப்பா. உயிர்ப்பழி என்றால் அவருக்குக் குலை நடுங்கும். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பஞ்சுவைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். “போட்டுத் தொலைடா கையெழுத்தை!” என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார்.

அப்பா கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். மூன்று நாள் வயிற்றைக் காயப்போட்டது இதற்காகத்தான். ஆனாலும் கோகிலாவுக்கு அவமானமாக இருந்தது. ஜெயித்தால் தன் வீம்பால் ஜெயிக்க வேண்டும், ஒரு முயலின் நோவைக் காட்டி அல்ல.

“எனக்கு வேணாம் இந்தக் கையெழுத்து! பஞ்சு எனக்காக ஒண்ணும் பட்டினி கிடக்கல. அதுக்குப் பல்லு கோளாறுப்பா! கிழிச்சுப் போடுங்க. நாளைக்கும் சாப்பிட மாட்டேன், நாளன்னைக்கும் சாப்பிட மாட்டேன்!” வீடே அதிரக் கத்தினாள்.

அப்பா பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

“பல்லுன்னு மாட்டு டாக்டர் நேத்தே பாத்துச் சொல்லிட்டாரு, நாளைக்குக் காலையில வெட்டிவிடுவாரு. மெதுவாக் கத்தும்மா, பெரியப்பா இன்னும் முக்குத் திரும்பல!”