டிரம்ஸ் மாமாவின் சந்தேகங்கள்

"மேடம், ஒரு சந்தேகம்!"

பயிற்சியாளர் கண்ணை மூடித் திறந்தார். யார் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. டிரம்ஸ் மாமாதான்.

"கேளுங்க."

"குளிப்பாட்டும்போது குழந்தை காதுல தண்ணி போயிட்டா, தலைகீழாப் பிடிச்சு உதறணுமா?"

அறை முழுக்கச் சிரிப்பு. முன்வரிசை அத்தை, "அது என்ன, தண்ணி பாட்டிலா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த பிளாஸ்டிக் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டார். மாமா எங்கே வந்து அதை உதறிவிடுவாரோ என்ற பயம்!

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பு அது. பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் அத்தை, மாமா, சித்தி, பெரியப்பாக்களுக்காக ஓர் உதவி மையம் நடத்துவது. பயிற்சியாளர் இப்படி வகுப்பு எடுப்பது இதுதான் முதல் தடவை. பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, இந்த மனுஷரைத் தவிர.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். மேஜை, நாற்காலி, சொந்தத் தொடை எதையும் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டாத நேரத்தில் கேள்வி கேட்பார்.

ஒரு வாரம், "ஜுர மருந்தைப் பால் புட்டியிலேயே கலந்துடலாமா?" இன்னொரு வாரம், "குழந்தை அழுகையை நிறுத்தலைன்னா, கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நிக்கலாமா? அது பாவமா?"

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பேக்கரியில் வேலை செய்யும் ஒரு சின்னப் பெண். தம்பியை வளர்க்கிறாள். வாயே திறக்க மாட்டாள். படித்தால் இப்படியல்லவா படிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் நினைத்துக்கொள்வார்.

"உதறாதீங்க. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சா தண்ணி தானா வந்துடும்."

"கழுத்துக்குக் கீழே கையை எப்படிக் கொடுக்கணும்? இன்னொரு தடவை மெதுவாக் காட்டுங்க மேடம். என் மண்டைக்கு ஏறவே மாட்டேங்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காட்டினார்.

டீ குடிக்கக் கூட்டம் கீழே இறங்கியதும், அவரை மட்டும் வராந்தாவில் நிறுத்தினார்.

"நீங்க யாரை வளர்க்கிறீங்க?"

"அக்கா பொண்ணு, மேடம்."

"கழுத்தைப் பிடிக்கக்கூடத் தெரியலை. உங்களை நம்பி எப்படிங்க பிள்ளையைக் கொடுத்தாங்க? முதல் நாளே சொன்னேன், வளர்க்கத் தெரியாதவங்க கையில பிள்ளையை விட்டு வைக்க மாட்டோம்னு. இன்னிக்கே உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லப் போறேன்."

கைப்பிடிச் சுவரில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"சரிங்க மேடம். தாராளமா அனுப்புங்க."

அந்த நிதானம் பயிற்சியாளருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படிக்கட்டு தடதடவென்று அதிர்ந்தது.

"மாமா! மாமா! எடுத்துட்டாங்க! என்னை இசைக்குழுவுல எடுத்துட்டாங்க!"

பள்ளிச் சீருடையில், இரண்டு கையிலும் டிரம்ஸ் குச்சியோடு, நெடுநெடுவென்று வளர்ந்த பெண்ணொருத்தி ஓடிவந்தாள்.

"கடைசியா ஒரு உருட்டு உருட்டினேன் பாருங்க, நடுவர் மூக்குக் கண்ணாடியையே கழட்டிட்டார்!"

"அடி சக்கை! யாரு மருமக!" மாமா அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

பயிற்சியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான்... இவர் வளர்க்கிற பொண்ணா? எப்போ இவர்கிட்ட வந்தே?"

"தொப்புள் காயறதுக்கு முன்னாடியே வந்துட்டேன் ஆன்ட்டி. பால் கொடுத்தது, தூங்க வச்சது எல்லாமே மாமாதான். எங்க தெருவுல எந்தக் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்ட இவரைத்தான் கூப்பிடுவாங்க!"

"காதுல தண்ணி போனா?"

"தலையைச் சாய்ச்சாப் போச்சு. இது தெரியாதா ஆன்ட்டி?"

பயிற்சியாளருக்கு முகம் சிவந்தது. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா என் வகுப்பைக் கேலி பண்ணீங்க?"

"ஷ்... மெதுவா மேடம்." மாமா வகுப்புக் கதவை ஒருக்களித்துத் திறந்தார்.

உள்ளே பேக்கரிப் பெண் மட்டும் தனியாக இருந்தாள். பொம்மையின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, வெறும் தொட்டியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். உதடுகள் பயிற்சியாளரின் வார்த்தைகளையே முணுமுணுத்தன.

"தம்பி கைக்குழந்தை மேடம். அம்மா ஆஸ்பத்திரியில. எப்போ திரும்பி வருவாங்களோ தெரியாது. அன்னிக்குக் கேட்டேனே, கதவுக்கு வெளியே நின்னா பாவமான்னு... அப்படி நின்னு அழுதது இவதான்."

"கேட்டிருக்கலாமே என்கிட்ட!"

"எப்படிக் கேட்பா? தெரியாதவங்க கையில பிள்ளையை விட மாட்டோம்னு முதல் நாளே நீங்க சொன்னீங்க. அன்னிக்கு மூடின வாய். படிக்கட்டுல என்கிட்ட கேட்பா, நான் உங்ககிட்ட கேட்பேன். என் வீட்டுக்கு ஆள் அனுப்பினா, இந்தக் கழுதையைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. அவ வீட்டுக்கு அனுப்பிட்டீங்கன்னா?"

பயிற்சியாளர் வகுப்புக் கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

டீ குடித்தவர்கள் சளசளவென்று படியேறி வரும் சத்தம் கேட்டது. மாமா அவசரமாகக் குனிந்து கிசுகிசுத்தார்.

"அடுத்தது விக்கலைப் பத்திக் கேட்கப் போறேன். எப்பவும்போல என்மேல நல்லாக் கோபப்படுங்க மேடம், சரியா?"