கயிறு பிடிக்கும் ஆள்

காந்தி மார்க்கெட்டில் மாட்டு வண்டியிலிருந்து தேன் டின்னை இறக்கிய சுமைகூலி சடையன், விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தார். “எங்க பச்சைமலைத் தேனுங்க.”

“தேன் எடுத்த ஆளு, ஏம்ப்பா இங்க மூட்டை தூக்குறே?” என்றார் கடைக்காரர் அடைக்கலராஜ்.

“தேன் எடுக்கப் பாறையில தொங்கி இறங்குனா, மேல கயிறு பிடிக்க ஆள் வேணுமே.”

“உனக்குத்தான் அண்ணன் தம்பிங்க இருக்காங்களே?”

“எங்க வழக்கத்துல அவங்க பிடிக்கக் கூடாதுங்க. பொண்டாட்டியோட அண்ணன்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலிக்காகக் கயித்த விடமாட்டாரு. எங்க மச்சான் பிடிச்சா, நான் பாட்டுப் பாடிக்கிட்டே இறங்குவேன்.”

“அவர் இப்ப இல்லையா?”

“நல்லா இருக்காருங்க. ‘வாங்க, பிடிக்கிறேன்’னு போன வாரம்கூடக் கூப்பிட்டாரு.”

“அப்புறம் என்ன?”

சடையன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அவர் தங்கச்சிதான் மாசியில போய்ச் சேந்துட்டாளுங்க.”