இரண்டு நிமிடக் கரடி

"மதினி, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்களேன். மூணு மணி ஆகப் போகுது."

ஹஸ்னா பானு பரபரவென்று பீரோவைத் திறந்து அந்த உடுப்பை எடுத்தாள். கழுத்து முதல் கால் வரை மூடுகிற தடித்த கம்பளி உடுப்பு. தலைக்குத் தொப்பி, தொப்பியில் இரண்டு கரடிக் காது.

ஐந்து மாதக் குழந்தை இப்ராஹீமை அதற்குள் நுழைத்து முடிக்கவும் வீடியோ கால் வரவும் சரியாக இருந்தது. தோஹாவிலிருந்து அவள் புருஷன் முகம்மது ஆரிப்.

"என் கரடிக்குட்டி என்ன செய்தான்? உடுப்பு பிடிச்சிருக்கா?"

"இதை விட்டா வேற எதையும் போட விட மாட்டேங்கான். தூங்கும்போதும் இதுதான்."

கூசாமல் சொன்னாள் ஹஸ்னா. ஆரிப் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"சரி ஏட்டி, டூட்டிக்கு நேரமாச்சு. வைக்கேன்."

போனை வைத்ததுதான் தாமதம், சர்ரென்று ஜிப்பை இழுத்து உடுப்பை உருவினாள். மடித்து மறுபடி பீரோவில் வைத்தாள். பிள்ளை கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டையோடு, தலையணை போர்வை எதுவும் இல்லாமல், பாயில் மல்லாந்து தூங்கிப் போனான்.

ஜெய்னபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஆரிப்பின் அக்கா. கடையநல்லூரிலிருந்து வந்து மூன்று நாளாகிறது, மூன்று நாளும் இதே கூத்து.

"எதுக்குட்டி இந்த நாடகம்?"

"சங்கரன்கோவில் வெயிலுக்கு இதைப் போட்டுத் தூங்க வச்சா பிள்ளைக்கு ஆகாது மதினி. நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாக."

"அதை அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஆசையா வாங்கி அனுப்புனாக. மனசு சங்கடப்படும்லா."

ஜெய்னப் சமாதானமாகவில்லை. இன்றைக்கு உடுப்பை மறைக்கிறவள் நாளைக்கு எதை மறைப்பாள்? பிள்ளையைப் பார்த்தால் அரைமணி நேரம் கொஞ்சுகிற தம்பி, இப்போது இரண்டே நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறான். இவள் லட்சணம் அவனுக்கும் புரிய ஆரம்பித்துவிட்டதோ என்னவோ.

நாலரை மணிக்கு வானம் இருட்டி மழை பிடித்தது. ஹஸ்னா தூங்கும் பிள்ளையின் பிடரியில் விரலை வைத்துப் பார்த்தாள். முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றை எடுத்து, தூக்கம் கலையாமல் மாட்டிவிட்டாள். ஃபேனைக் குறைத்தாள்.

அப்போதும் கரடி பீரோவை விட்டு வெளியே வரவில்லை.

ஜெய்னப் வாசலுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"டூட்டியில இருக்கியா ஆரிப்?"

"வெள்ளிக்கிழமைலா லாத்தா, லீவு. ரூம்லதான் சும்மா படுத்துக் கிடக்கேன்."

நல்லதாகப் போயிற்று என்று ஜெய்னப் எல்லாவற்றையும் கொட்டினாள். பீரோ, நாடகம், கூசாத பொய், ஒன்று விடவில்லை.

மறுமுனையில் ஆரிப் சிரித்தான்.

"தெரியும் லாத்தா."

"தெரியுமா? எப்படிலே?"

"ரெண்டு மாசமா தினம் போடுத உடுப்புல ஒரு பால் கறை கூட இல்லையே. கைப்பிள்ளை உடுப்பு அப்படியா இருக்கும்?"

ஜெய்னப் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இங்கன ஏ.சி.ல நடுங்கிக்கிட்டே கடைக்குப் போயி வாங்கிட்டேன். நம்ம ஊரு வெயில் புத்தியில உறைக்கலை. வேற ஒருத்தியா இருந்தா, உமக்குக் கூறு இருக்கான்னு கேட்டுருப்பா. இவ பிள்ளையையும் பாத்துக்கிடுதா, என் மனசும் நோகாமப் பாத்துக்கிடுதா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராத. முகம் வாடிரும்."

ஜெய்னப் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹஸ்னா மறுபடியும் பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று ஜெய்னபுக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"ஏலே, இன்னைக்கு லீவுன்னு சொல்லுதே. பின்ன எதுக்கு டூட்டின்னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல போனை வச்சே?"

"அதுக்கு மேல பேசுனா பிள்ளைக்கு வேர்த்துரும்லா."