அசையாத ஆள்

மனைவியின் ஓவிய நோட்டைப் புரட்டப் புரட்டக் கணவருக்கு வயிறு எரிந்தது. முப்பத்தேழு பக்கத்திலும் ஒரே ஆளின் முகம். முதல் பக்கத்தில் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தவன், கடைசிப் பக்கத்தில் அச்சு அசலாக முறைத்தான்.

“யாரு இது?”

“ஓவிய வகுப்புல எனக்கு எதிர்ல இருக்கிறவர். அந்த மூக்கைப் பாருங்களேன், என்ன எடுப்பு!”

“என்னை ஏன் ஒரு தடவைகூட வரையல?”

“உங்களையா? அஞ்சு நிமிஷம் சும்மா இருப்பீங்களா? போனை நோண்டுவீங்க, தொணதொணன்னு பேசுவீங்க. அவர் ரெண்டு மணி நேரம் அசையாம என்னையே பார்த்துட்டு இருப்பார்.”

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நோட்டும் கையுமாக வகுப்புக்கே போய்விட்டார்.

“இந்த ஆள் எங்கே? நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கணும்.”

ஓவிய ஆசிரியை படத்தைப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில், கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பிளாஸ்டர் தலை ஒன்று கணவரை முறைத்தது.

“புதுசா வர்றவங்க எல்லாரும் இவரை வெச்சுத்தான் பழகுவாங்க. ம், கேளுங்க!”

வீடு திரும்பியவர் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு விறைப்பாக உட்கார்ந்தார்.

“வரை,” என்றார், உதடு அசையாமல். “ரெண்டேகால் மணி நேரம் இருப்பேன்.”