ஒரே மட்டம்

“இது திருட்டு இல்லாம வேற என்ன?”

வேலியோரம் குந்தியிருந்த மதிவாணன், பூச்செடிகளுக்குப் பின்னால் ஓடிய ரப்பர் குழாயை மனைவி சந்திரமதிக்குக் காட்டினார். ஒரு முனை அவருடைய ஒல்லியான தண்ணீர் டாங்கியின் அடியில். மறுமுனை பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் குண்டு டாங்கியின் அடியில். இரண்டுமே உள்ளே தண்ணீர் மட்டம் தெரியும் வெள்ளை பிளாஸ்டிக்.

குளுவாங்கில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. எல்லாரும் தண்ணி லாரிக்கு வாளியோடு நிற்க, மதிவாணன் மட்டும் நிற்கவில்லை. “சிக்கனமா இருந்தா எதுக்கு வத்தும்?” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு டாங்கியையும் பாரு. அகலம் எவ்வளவு வித்தியாசம்! ஆனா தண்ணி ஒரே மட்டம். நம்ம தண்ணியை இழுத்துத்தான் அது ரொம்புது.”

“ஒரு வார்த்தை கேட்டுடலாங்க.”

“திருடுறவங்ககிட்ட என்ன கேள்வி?”

குழாயில் தன் பக்கம் இருந்த வால்வை இறுக்கி மூடிவிட்டு, தாமான் சங்கத் தலைவர் மனோகரனுக்குப் போன் போட்டார்.

மனோகரன் வேலை முடிந்து சாயங்காலம்தான் வந்தார். குழாயைப் பார்த்தார்.

“அடியில இணைச்சா மட்டம் ஒண்ணாத்தாண்ணே நிக்கும். ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லிங்கிற கணக்கே கிடையாது. யாரு தண்ணி யாருகிட்ட போச்சுன்னு அதை வச்சு சொல்ல முடியாது லா.”

“அப்புறம் எப்படித்தான் தெரியும்?”

“காலையிலயே மூடிட்டீங்கல்ல? இப்ப உங்க டாங்கியைத் திறந்து பாருங்க.”

மதிவாணன் டாங்கி மூடியைத் தூக்கினார். ஒரு நாள் குளியலும் சமையலும் துணி துவைப்பும்தான். தண்ணீர் தீர்ந்து, அடியில் கொஞ்சம் வண்டல் தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். குண்டு டாங்கியில் தண்ணீர் காலையில் இருந்த இடத்தைவிட ஒரு விரற்கடைதான் இறங்கியிருந்தது.

மதிவாணன் மெதுவாகக் குனிந்து வால்வைத் திறந்தார். காலி டாங்கிக்குள் தண்ணீர் சலசலவென்று பாய்ந்தது.

சத்தம் கேட்டுக் கஸ்தூரி வெளியே வந்தாள்.

“இதை எப்பம்மா மாட்டினே?” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“நீங்க ரெண்டு பேரும் லாபிஸ் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனப்பண்ணே. தண்ணி வெட்டப் போறாங்கன்னு நியூஸ் வந்துச்சு. சந்திரமதி அக்கா முட்டிவலியோட லாரிக்கும் வீட்டுக்கும் வாளி தூக்கணுமேன்னு தோணிச்சு” என்றாள் கஸ்தூரி. “கேட்டுட்டுக் குடுத்திருந்தா, நீங்க வாங்கியிருப்பீங்களா?”